பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் முன் எப்படி ஆயத்தமாவது?

கேள்வி: ஆத்தங்குடிப் பக்கத்து மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஆத்தங்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், உயிரியல் பிரிவில் இருக்கிறேன். மார்ச் மாதம் பொதுத்தேர்வு. பொறியியல் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அப்பா ஊரிலேயே தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். அம்மா வீட்டில்தான் இருக்கிறார். அக்கா பி.காம். முடித்திருக்கிறார்.

பொதுத்தேர்வுக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்ல எங்கள் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த பிறகு, கல்லூரி திறக்கும் வரையுள்ள மாதங்களில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் எங்கள் பக்கத்தில் ஆளில்லை. கல்லூரியில் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதை நினைத்தால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பாடநூலில் உள்ள கணக்கு எதுவானாலும் என்னால் போட முடியும். அதே கணக்கை ஆங்கிலத்தில் ஒருவர் விளக்கினால் புரியுமா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பெரியப்பா மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அங்கே வந்து சேர்ந்தால்தான் முன்னேற முடியும் என்கிறார். அம்மாவோ காரைக்குடியிலேயே படி, வீட்டிலிருந்து போய் வரலாம் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கல்லூரிக்குப் போய் வந்தவர்களும், பிள்ளைகளை அனுப்பியவர்களும், பாடம் நடத்தியவர்களும் உங்கள் அனுபவத்திலிருந்து வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: முன்னாள் கணித ஆசிரியர், தேவகோட்டை

தம்பி, பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நீங்கள் பயப்படும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ் வழியில் படித்த மாணவர் பொறியியல் முதல் ஆண்டில் தடுமாறுவதற்குப் பாடம் தெரியாதது பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தைத்தான் ஆசிரியர் வேறு பெயர்களில் நடத்திக்கொண்டிருக்கிறார் என்பது முதல் சில வாரங்களில் அவருக்குப் பிடிபடுவதில்லை. அதற்குள் முதல் உள்தேர்வு வந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்புகளுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரு வழிகளிலும் ஒரே அத்தியாய வரிசையில் அச்சாகின்றன. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. தேர்வு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் ஆங்கில வழிப் பதிப்பைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தமிழில், அதே பக்கம் ஆங்கிலத்தில் என்று படியுங்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகள் ஏற்கெனவே உங்கள் கைவசம் இருப்பவை என்பதால், ஆங்கில வாக்கியம் என்ன சொல்கிறது என்பதை அகராதி இல்லாமலே ஊகித்துவிடலாம். ‘மேட்ரிக்ஸ்’ என்றால் அணி, ‘டிட்டர்மினன்ட்’ என்றால் அணிக்கோவை, ‘டெரிவேட்டிவ்’ என்றால் வகைக்கெழு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இவ்வாறே செய்யுங்கள். உயிரியலை விட்டுவிடலாம், பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண்ணில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து, எதைப் படிப்பது என்பது. கணித நூலின் முதல் அத்தியாயம் அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். பொதுத்தேர்வு எழுதி முடித்த கையோடு மாணவர்கள் முதலில் மறப்பதும் அதைத்தான். பொறியியல் முதல் பருவத்தின் கணிதத் தாளோ பெரும்பாலும் அணிகளிலிருந்தே தொடங்கும். அணியின் தரம் காண்பது, நேர்மாறு அணி, சமன்பாடுகளின் தொகுப்பைத் தீர்ப்பது ஆகியவை கையில் இருந்தால், அங்கே புதிதாக வரும் ஐகன் மதிப்பு, கேய்லி ஹாமில்டன் தேற்றம் ஆகியவை ஒரு வாரத்தில் வசப்பட்டுவிடும். இரண்டாம் தொகுதியில் உள்ள வகை நுண்கணிதப் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய அத்தியாயங்களும் அப்படியே நீண்டு செல்பவைதாம். ஆகவே தேர்வு முடிந்த அன்றே பாடநூலைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள். முதல் ஆண்டு முடியும் வரை அது உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

பொதுத்தேர்வுக்கு முன்னரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிகளில் ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்ய வைப்பதும், புத்தகக் கணக்கை எண் மாறாமல் எழுத வைப்பதும் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டுக்காக ஆசிரியர்களும் அதற்கு உடன்படுகிறோம். கல்லூரிக் கேள்வித்தாளில் எண்கள் மாறும். சில வேளை கேட்கும் முறையே மாறும். ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்த பின், இந்தப் படி ஏன் வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தக் கணக்கு இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள். மறுநாள் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். அவர் உங்கள் பக்கத்தில் இருக்கும் கடைசி சில மாதங்கள் இவை.

உங்கள் வேதியியல் நூலில் மின்வேதியியல் என்று ஓர் அலகு இருக்கிறது. நெர்ன்ஸ்ட் சமன்பாடு, இரும்பு துருப்பிடிப்பது, லித்தியம் அயனி மின்கலம் எல்லாம் அதில் வருகின்றன. அந்த ஓர் அலகின் பொருளையே முழுநேரமும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், காரைக்குடியில் இருக்கிறது. 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. பொதுமக்கள் பார்வையிட அனுமதிக்கும் நாட்களில் ஒரு முறை போய்ப் பாருங்கள். படித்த சமன்பாடு எங்கே வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற மாணவர், பாடத்தின் மீது கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறார். அதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கோயம்புத்தூர் (சொந்த ஊர் கண்டனூர்)

ஐயா சொன்னது முழுவதும் உண்மை. நானும் தமிழ் வழியில் படித்து வந்தவன்தான் என்பதால், வகுப்பறைக்குள் நடப்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி, பள்ளியில் நீங்கள் இரண்டு நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் நிற்க வைத்துக் கேட்பார். கல்லூரியில் அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள். வருகைப் பதிவில் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். அந்தக் கோடுகள் சேர்ந்து வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போன பின்புதான் பருவத்தேர்வு எழுத முடியாது என்ற அறிவிப்பு வரும். அதே நேரத்தில், நாமாகப் போய்க் கேட்டால் நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுக்காத பேராசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. வகுப்பு முடிந்து அவர் வெளியே வரும்போது, ‘சார், இந்த வரி புரியவில்லை, தமிழில் ஒருமுறை சொல்வீர்களா’ என்று கேளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அது இயல்பாகவே வரும். முதல் இரண்டு வாரத்தில் இதைக் கேட்டுப் பழகியவர்கள் நான்கு ஆண்டும் கேட்கிறார்கள். அப்போது தயங்கியவர்களுக்குப் பிறகு வாய் திறப்பதே கடினமாகிவிடுகிறது. மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற எண்ணம்தான் தடுக்கும். உங்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கும் அதே சந்தேகம் இருக்கும் என்று நம்பிக் கேளுங்கள்.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். நான் படிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஆம் ஆண்டு விதிமுறையில், கோட்பாட்டுத் தாள்களுக்கு உள்மதிப்பீடு 40, பருவத்தேர்வு 60. முதல் பருவத்தில் ஆங்கிலம், அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், பொறியியல் வேதியியல், பைத்தான் நிரலாக்கம் ஆகியவற்றோடு தமிழர் மரபு என்ற தாளும் உண்டு. நீங்கள் சேரும் ஆண்டில் பாடத்திட்டம் மாறியிருக்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அவர்களுக்கென்று தனிப் பாடத்திட்டமே இருக்கும். சேர்ந்த உடனே துறை அலுவலகத்தில் கேட்டு ஒரு படி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்மதிப்பீடு என்பது பருவத்தின் நடுவிலேயே நடந்து முடிந்துவிடுவது. பள்ளியில் ஆண்டு முழுவதும் எப்படிப் போனாலும் கடைசி இரண்டு மாதத்தில் ஈடுகட்டிவிடலாம். இங்கே ஒரு பருவம் என்பது ஏறக்குறைய நான்கு மாதம். ஈடுகட்ட இடமே இருக்காது. முதல் பருவத்தில் ஒரு தாளில் தேர்ச்சி பெறாமல் அரியர் (நிலுவை) விழுந்தால் அது அடுத்த பருவப் பாடங்களோடு சேர்ந்துகொள்ளும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பல, நிலுவைத் தாள் உள்ளவர்களை முதல் சுற்றுக்கே எடுப்பதில்லை.

பைத்தான் தாளைக் கண்டு கணினி அறிவியல் பிரிவில் படிக்காதவர்கள் மிரள்கிறார்கள். உங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்திலோ அக்காவிடம் கணினி இருந்தால் அதிலோ, கோடை விடுமுறையில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். இரண்டு எண்களைக் கூட்டுவது, பெரியது எது என்று கண்டுபிடிப்பது, வாய்ப்பாடு அச்சிடுவது என்ற அளவில் நிரல் எழுதிப் பழகினால் முதல் இரண்டு அலகுகளுக்கு அடித்தளம் விழுந்துவிடும். இதற்காக மடிக்கணினி வாங்கக் கடன் வாங்க வேண்டாம். முதல் ஆண்டில் கல்லூரி ஆய்வகமே போதும்.

வகுப்புகள் தொடங்கும் முன் நடக்கும் அறிமுகப் பயிற்சி நாட்களைப் பாடம் இல்லாத நாட்கள் என்று எண்ணி ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். நூலகம் எங்கே, உதவித்தொகைக்கு எந்த மேசையில் நிற்க வேண்டும், உங்கள் வழிகாட்டி ஆசிரியர் யார் என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் தெரியவரும். அறைத்தோழர்கள் அமைவதும் அப்போதுதான்.

விடுதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூத்த மாணவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். பழைய கேள்வித்தாள்கள், ஆய்வகப் பதிவேடுகள் எல்லாம் அவர்களிடமிருந்துதான் எனக்குக் கிடைத்தன. ஆனால் யாரேனும் மிரட்டினாலோ இழிவுபடுத்தினாலோ அதைப் பழக்கம், மரபு என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் பகடிவதையை (ராகிங்) தடுக்க 1997 ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522. எந்த நேரமும் அழைக்கலாம். அந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொண்டே விடுதிக்குள் போங்கள்.

ஆத்தங்குடிப் பக்கத்து மாணவன்

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. கணித நூலின் ஆங்கிலப் பதிப்பை இன்றே பதிவிறக்கிவிட்டேன். முதல் அத்தியாயத்தில் சில பக்கங்கள் படித்தேன். நான் நினைத்த அளவுக்குக் கடினமாக இல்லை.

பணம் பற்றியும் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் அப்பா, அம்மா இருவரும் கல்லூரிக்குப் போகாதவர்கள். எனக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்குமா? அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

பதில் 3: ஒரு தாய், புதுவயல்

தம்பி, என் மகள் இங்கே பக்கத்திலுள்ள ஒரு மகளிர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சான்றிதழ்களுக்கு அலைந்தது நான்தான் என்பதால் இதற்கு நானே பதில் எழுதுகிறேன்.

அக்கா பட்டம் பெற்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர் ஒருவர் பட்டதாரியாகிவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் அடுத்தவருக்குக் கிடைக்காது. அம்மாவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர். அப்படிப்பட்டவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் 2021 முதல் ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அதைவிடப் பெரியது. அதோடு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. என் மகளுக்கு அந்தப் பணத்தில்தான் புத்தகச் செலவு நடக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்கான சான்று. நீங்கள் இடையில் பள்ளி மாறியிருந்தால், பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று இப்போதே வாங்குங்கள். மே மாதத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்; கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போய் வர நாளாகும். உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதனோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். அப்பாவின் கணக்கைக் கொடுத்தால் உதவித்தொகை வந்து சேராது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் முன்னெழுத்தும் பிறந்த தேதியும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்கின்றனவா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு முன்னெழுத்து வேறுபாட்டால் உதவித்தொகை ஒரு பருவம் முழுவதும் நின்றுபோனது.

மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் கல்லூரியில் கொடுக்கும் முன், ஒவ்வொன்றிலும் சில படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் அறிவித்திருக்கிறது. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் வேறு கல்லூரியில் இடம் கிடைத்து மாற விரும்பியபோது, முதலில் சேர்ந்த கல்லூரி சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தது. இந்த அறிவிப்பைக் காட்டி எழுத்து மூலம் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள்.

கடைசியாக ஒன்று. தம்பி, இந்தக் கோடையில் சோறு வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் துணி துவைக்கவும் அம்மாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இதைச் சொல்லி அனுப்புகிறோம். அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பதில் 4: ஓய்வு பெற்ற வங்கி அலுவலர், காரைக்குடி

தம்பி, நீ கேட்டவற்றில் யாரும் இதுவரை தொடாத கேள்வி, காரைக்குடியா கோயம்புத்தூரா என்பது. அதற்கு என் கருத்தைச் சொல்கிறேன்.

கோட்டையூரில் 1909 இல் பிறந்த அழகப்பச் செட்டியார், 1947 இல் காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார். 1952 இல் பொறியியல் கல்லூரி வந்தது. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட மின்வேதியியல் நிலையம் இங்கே அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவரும் அவர்தான். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் வெளியூர் போனால்தான் படிக்க முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த காரியம் இது. இன்று அந்தப் பொறியியல் கல்லூரி அரசுக் கல்லூரியாக இருக்கிறது. கட்டணம் குறைவு. உன் வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரலாம். ஆகவே, ‘கோயம்புத்தூர் போனால்தான் முன்னேற்றம்’ என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. உன் மதிப்பெண்ணுக்குக் காரைக்குடி அரசுக் கல்லூரியில் நீ விரும்பும் பிரிவு கிடைத்தால், பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரிக்காக வெளியூர் போகாதே. நல்ல ஆய்வகமும் நெடுநாள் பெயரும் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்து, செலவுக்கும் வழி இருந்தால், தயங்காமல் கிளம்பு. கல்லூரியைப் பார், ஊரைப் பார்க்காதே. நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேரச் சொல்லி யார் வந்தாலும், கலந்தாய்வு முடியும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

வீட்டிலிருந்து போய் வருவதிலும் ஓர் இடர் உண்டு. மாலை வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவதால், நூலகமும் மன்றங்களும் நண்பர்களோடு உட்கார்ந்து படிப்பதும் கைநழுவிப் போகும். உள்ளூரிலேயே சேர்ந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது கடைசிப் பேருந்தில்தான் வருவேன் என்று அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்.

பணம் பற்றிச் சொல்கிறேன். அது என் தொழில். இந்த ஊர்களிலிருந்து உன் வயதுக்கும் குறைந்த பிள்ளைகள் ஒரு காலத்தில் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். அங்கிருந்த கடைகளில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளானார்கள். அன்றன்றைய வரவு செலவை அன்றிரவே எழுதி முடிப்பது அவர்களுக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் வேலை; ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீயும் இந்த மாதத்திலிருந்தே ஒரு சிறு குறிப்பேட்டில் உன் செலவை எழுது. இப்போது நாளுக்குப் பத்து ரூபாய்தான் செலவாகிறது என்றாலும் எழுது. கைப்பேசியில் தட்டிப் பணம் அனுப்புவதால் போன காசு கண்ணுக்குத் தெரிவதில்லை. விடுதியில் மாத நடுவில் கையில் காசில்லாமல் நண்பனிடம் கடன் கேட்கும் பிள்ளைகளை விசாரித்துப் பார்த்தால், எங்கே போனது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. கைப்பேசிச் செயலிகள் கொடுக்கும் உடனடிக் கடனைத் தொடவே தொடாதே. அவசரம் என்றால் அப்பாவிடம் சொல். திட்டுவார், ஆனால் தீர்த்துவைப்பார்.

7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்காவிட்டால் கல்விக் கடனுக்குப் போகலாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 இலட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டியதில்லை, 7.5 இலட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது. பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் கழித்துத்தான் தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதே. முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்டி வரலாம். கிளை மேலாளர் வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேள். எழுத்தில் கேட்கும்போது பல கிளைகளில் பதில் மாறிவிடும் என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான்.

ஆத்தங்குடிப் பக்கத்து மாணவன்

இந்தப் பதில்களை இன்று மாலை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். புதுவயல் அம்மா சொன்னபடி சான்றிதழ்களை எடுத்துப் பார்த்ததில், ஆதாரில் என் முன்னெழுத்து பெயருக்குப் பின்னாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முன்னாலும் இருக்கிறது. இதையும் திருத்த வேண்டுமா? கலந்தாய்வில் கல்லூரிகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், கோயம்புத்தூர்

முன்னெழுத்தின் இடம் மட்டும் மாறியிருப்பதற்குப் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. என்றாலும் பள்ளியிலேயே உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டி, பள்ளிப் பதிவில் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதாரைத் திருத்தியே ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், பொதுத்தேர்வுக்குப் பின் ஒரு நாள் நிரந்தரப் பதிவு மையத்துக்குப் போனால் போதும். இதற்காகப் படிப்பு நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

விருப்பப் பட்டியல் பற்றி: எத்தனை கல்லூரிகள் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். உங்களுக்கு எது கிடைக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தாதீர்கள். எது உங்களுக்கு வேண்டும் என்பதை வைத்து வரிசைப்படுத்துங்கள். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, உங்கள் தரவரிசைக்கு இடமிருக்கும் முதல் விருப்பத்தை ஒதுக்கும். மேலே போட்ட கல்லூரி கிடைக்காததால் கீழே போட்டது பறிபோகாது. தற்காலிக ஒதுக்கீடு வந்த பின், அந்த இடத்தை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் உறுதி செய்வதற்குக் கொடுக்கப்படும் காலம் மிகக் குறுகியது. அந்த நாட்களில் கைப்பேசி எண்ணை மாற்றாதீர்கள். கடவுச்சொல்லை இணைய மையத்துக்காரரிடம் விட்டுவைக்காமல் நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் கடந்த ஆண்டு எந்த மதிப்பெண் வரை இடம் போனது என்ற பட்டியல் இணையத்தில் கிடைக்கும். தேர்வு முடிவு வந்ததும் உங்கள் மதிப்பெண்ணை இங்கே எழுதுங்கள். பட்டியலை நாம் சேர்ந்தே தயாரிக்கலாம்.